கல் மோதிரமா, கால் விலங்கா?

தை பிறந்தால் கரிசல் காட்டில் கல்யாணப் பேச்சும் பிறக்கும். சோளத்தட்டையை அறுத்துப் போட்ட கையோடு மாப்பிள்ளை பார்க்கப் புறப்படுவது நம் ஜனங்களின் வழக்கம். அந்த வழக்கத்தை நன்றாகத் தெரிந்து வைத்திருப்பவர்கள் நகைக்கடை முதலாளிகள். சாத்தூர்ச் சாலையிலும் சிவகாசிச் சாலையிலும் ஆள் உயரத்துக்கு மேல் விளம்பரப் பலகைகள் நிற்கின்றன. பலகையில் ஒரு பெண்ணின் கை. கையில் ஒரு மோதிரம். மோதிரத்தில் ஒரு கல். "உங்கள் அன்பை எதைக் கொண்டு அளப்பீர்கள்?" என்று அந்தப் பலகை நம்மைப் பார்த்துக் கேட்கிறது.

நாம் திருப்பிக் கேட்கிறோம்: அந்தக் கல்லை எதைக் கொண்டு அளப்பது? எத்தனை நாள் கூலியால்? யாருடைய சுதந்திரத்தால்?

இது வீட்டு விஷயம், கட்சிப் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். கீழே வரும் கதையைப் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

ஒரு வீட்டில் நடந்தது

வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம், அந்தக் கிராமம் எது என்று ஒவ்வொருவரும் தன் ஊரையே நினைத்துக் கொள்ளலாம். தகப்பனார் விவசாயக் கூலி. மகன் பயராபீசில் மருந்து செலுத்தும் வேலைக்காரன். நாள் கூலி 500 ரூபாய். அதுவும் வேலை இருக்கிற நாளில். அவனுக்குப் பேசி முடித்த பெண் இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலைத் தொழிலாளி.

பெண்ணும் கேட்கவில்லை, பெண்ணைப் பெற்றவர்களும் கேட்கவில்லை. ஆனால் நிச்சயத்தன்று மோதிரம் மாற்ற வேண்டும், அந்த மோதிரத்தில் வைரக்கல் மின்ன வேண்டும், அதைச் செல்போனில் படம் பிடித்து ஊருக்கே அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் பையனின் தலையில் எப்படியோ ஏறிவிட்டது. எப்படி ஏறியது என்று பின்னால் சொல்கிறோம். பணத்துக்கு எங்கே போவது? ஆபீசில் முன்பணம் கேட்டான். கணக்கப்பிள்ளை சிரித்த முகத்தோடு 40,000 ரூபாயை எண்ணிக் கொடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்கிக் கொண்டார்.

கடைச் சிட்டையை நாம் பார்த்தோம். 18 காரட் தங்கம் 2 கிராமுக்குச் சற்று மேல், 16,300 ரூபாய். பொடி வைரக்கற்கள் 14,000 ரூபாய். செய்கூலியும் சேதாரமும் 4,900 ரூபாய். ஜி.எஸ்.டி. 1,056 ரூபாய். ஆக மொத்தம் 36,256 ரூபாய். அவனுடைய கூலிக்கு இது எழுபத்திரண்டரை நாள் உழைப்பு. உண்ணாமல், உடுக்காமல், ஒரு நாள்கூட வேலை நிற்காமல் உழைத்தால்!

நிச்சயம் நடந்தது. படமும் பிடித்தார்கள். மூன்று மாதம் கழித்து ஒரு நாள், நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஏழு பேரை உட்கார வைத்தார் போர்மேன். ஆர்டர் அவசரமாம். கோடை வெயில், தரையெல்லாம் மருந்துத் தூள். பையன் எழுந்து நின்றான். "இந்த அறையில் உட்கார மாட்டேன், வேறு ஆபீசுக்குப் போகிறேன்" என்றான். கணக்கப்பிள்ளை நோட்டைத் திறந்தார். "தாராளமாகப் போ, முன்பணத்தை வைத்துவிட்டுப் போ" என்றார்.

இந்த ஒரு வார்த்தையைக் கவனியுங்கள், தோழர்களே! மற்றதெல்லாம் இதற்குள் அடக்கம்.

அழகு நமக்கு வேண்டாம் என்கிறோமா?

"ஏழைக்கு நகை ஆசை எதற்கு?" என்று கேட்கும் பெரிய மனிதர்களோடு நமக்கு உறவில்லை. தன் வீட்டுப் பெண்ணுக்கு ஐம்பது பவுன் போட்டுவிட்டு, கூலிக்காரி காதில் ஒரு கம்மலைக் கண்டால் "இவளுக்கு இது தேவையா?" என்று கேட்கும் கூட்டம் அது. நாம் அப்படிச் சொல்லவில்லை.

நம் வெம்பக்கோட்டையின் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். வைப்பாற்றின் வடகரையில், விஜயகரிசல்குளம் மேட்டுக்காட்டில், 2022-ஆம் ஆண்டு தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. 2023-இல் இரண்டாம் கட்டம். 2024-இல் மூன்றாம் கட்டம். ஆயிரக்கணக்கில் பொருள்கள் கிடைத்தன. அரண்மனையா கிடைத்தது? இல்லை. கண்ணாடி மணிகள், கல் மணிகள், சுடுமண் பொம்மைகள், அறுத்து முடிக்காத சங்கு வளையல்கள்! இங்கே கைத்தொழில் நடந்திருக்கிறது என்பதற்கு அந்த முடிக்காத வளையலே சாட்சி. மூன்றாம் கட்டத்தில் ஒரு சூதுபவளக் கல் வந்தது. விரல்நுனி அளவான அந்தச் சிவப்புக் கல்லில் திமிலோடு நிற்கும் ஒரு காளையைச் செதுக்கியிருக்கிறான் ஒரு தொழிலாளி.

எவ்வளவு கூர்மையான கண் அவனுக்கு! எவ்வளவு உறுதியான கை! அவன் பெயரை எந்தக் கல்வெட்டும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பல நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்தும் அவன் செதுக்கிய காளை சாகவில்லை.

ஆகவே, கல்லும் மணியும் கோத்துப் போடுகிற ஆசை முதலாளி வர்க்கம் கொண்டு வந்ததல்ல. உழைக்கிற ஜனங்கள் தங்கள் கையால் செய்த அழகு அது. நமது சண்டை அழகோடு இல்லை. அழகைச் சாக்காக வைத்து உழைப்பாளியைக் கடனில் தள்ளுகிற கொள்ளையோடுதான் நமது சண்டை.

எங்கிருந்து வந்தது இந்தச் சடங்கு?

கரிசல் காட்டு நிச்சயதாம்பூலம் எப்படி நடக்கும்? வெற்றிலை பாக்கு, தேங்காய் பழம், பூ, ஒரு பரிசப் புடவை. பெரியவர்கள் தட்டு மாற்றினால் வாக்கு மாறாது. கல் மோதிரம் இதில் எங்கே இருந்தது? நம் பாட்டிமார்களைக் கேளுங்கள்.

இதே மாவட்டத்தில், அருப்புக்கோட்டைக்கு அருகில் சுக்கிலநத்தத்தில், 1928-ஆம் ஆண்டு முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. அந்த முறைக்கு 1967-ஆம் ஆண்டு தமிழகச் சட்டமன்றம் சட்ட அங்கீகாரம் கொடுத்தது. ஒருவருக்கொருவர் மாலை மாற்றினாலும் போதும், மோதிரம் அணிவித்தாலும் போதும், தாலி கட்டினாலும் போதும் என்கிறது அந்தச் சட்டம். மோதிரம் என்றுதான் சட்டம் சொல்கிறது. எத்தனை கிராம் என்று சொல்லவில்லை, கல் வைத்தது என்றும் சொல்லவில்லை. பித்தளை மோதிரம் போட்டாலும் கல்யாணம் கல்யாணம்தான்!

பிறகு வைரக்கல்லை இதற்குள் கொண்டு வந்தது யார்? பெயரோடு சொல்கிறோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உலகத்துக்கு வைரம் அனுப்பிய பெரிய நாடு நம்முடையதுதான். கோல்கொண்டா என்ற பெயரே அதற்குச் சாட்சி. 1860-களின் இறுதியில் தென்னாப்பிரிக்காவில் ஏராளமாக வைரம் அகப்பட்டது. பண்டம் பெருகினால் விலை சரிய வேண்டும் அல்லவா? சரியவிடாமல் தடுக்க ஏகபோகம் தேவைப்பட்டது. 1888-இல் செசில் ரோட்ஸ் என்ற வெள்ளை ஏகாதிபத்தியவாதி டி பீர்ஸ் கம்பெனியை அமைத்தான். கிம்பர்லிச் சுரங்கத்தில் வேலை செய்த கறுப்புத் தொழிலாளரை, ஒப்பந்தக் காலம் முடிகிற வரை அடைப்புக்குள் பூட்டி வைத்தார்கள். வெளியே விடும்போது உடல் முழுவதும் சோதனை போட்டார்கள். கல்லை வெட்டி எடுத்தவனே திருடன் என்று சந்தேகிக்கப்பட்டான். மண்ணையே திருடியவன் கனவான் ஆனான்.

1930-களின் உலகப் பொருளாதார நெருக்கடியில் வைரம் விற்கவில்லை. 1938-இல் அந்தக் கம்பெனி ஓர் அமெரிக்க விளம்பர நிறுவனத்தைக் கூலிக்கு அமர்த்தியது. வைர மோதிரம் இல்லாத நிச்சயம் நிச்சயமே அல்ல என்று அமெரிக்க வாலிபர்களை நம்ப வைப்பதே அந்த நிறுவனத்தின் வேலை. வைரம் என்றென்றும் நிலைப்பது என்ற பொருளில் ஒரு விளம்பர வரியை 1947-இல் எழுதினார்கள். அந்த ஒரு வரி உலகத்தைச் சுற்றியது. நம் நாட்டு நகைக்கடைகள் அதைத் தமிழாக்கி, நடிகர் நடிகையரைப் பிடித்து, தொலைக்காட்சியில் ஏற்றி, இப்போது செல்போன் வழியாக மேட்டுக்காட்டுக்கே கொண்டு வந்துவிட்டன.

அந்தப் பையனின் தலையில் வைரக்கல் ஏறிய கதை இதுதான். அவன் மனசில் தானாகப் பிறந்த ஆசை என்று அவன் நினைத்தான். அது காசு கொடுத்து விதைத்த ஆசை!

தராசு பொய் சொல்லாது

கணக்கப்பிள்ளை அப்படிச் சொன்னதும் பையன் என்ன செய்தான்? பெண்ணிடம் சொல்லி மோதிரத்தை வாங்கிக்கொண்டு அடகுக்கடைக்குப் போனான். அடகுக்கடைக்காரர் கண்ணாடி வைத்துப் பார்த்தார். "18 காரட்" என்று உதட்டைப் பிதுக்கினார். கல் எடையைக் கழித்தார். கொடுத்தது 11,500 ரூபாய்!

கல்லுக்கு எவ்வளவு? ஒரு சல்லிக்காசு இல்லை.

விற்கும்போது 14,000 ரூபாய் பெற்ற கல், அடகு வைக்கும்போது கழிவாகிவிட்டது. இருபத்தெட்டு நாள் உழைப்பு தராசுத் தட்டில் மாயமாய் மறைந்தது. தங்கக் கடன் கொடுப்பவர்கள் தங்கத்தின் எடைக்கும் மாற்றுக்கும்தான் கொடுப்பார்கள், கல்லுக்குக் கொடுப்பதில்லை. வாங்கிய கடையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தால் கழிவு போக ஏதாவது தரலாம். வேறு கடைக்குப் போனால் பொடிக் கல்லைத் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். இப்போது வைரம் ஆய்வகத்திலும் வளர்கிறது. அதுவும் கரிதான், சுரங்க வைரமும் கரிதான். வெறும் கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க வல்லவர் யாரும் இல்லை. அதற்கென்று கருவி வேண்டும். உற்பத்தி பெருகியதும் சில ஆண்டுகளுக்குள் அதன் விலை பாதாளத்துக்குச் சரிந்தது. என்றும் நிலைப்பது என்ற பிரசாரம் எங்கே போயிற்று?

"தங்கம் சேமிப்பு அல்லவா?" என்பார்கள். ஆம், தங்கம் சேமிப்புதான். 2000-ஆம் ஆண்டில் நாலாயிரம் ரூபாய்க்குள் இருந்த ஒரு பவுன், 2025 அக்டோபரில் 90,000 ரூபாயைத் தாண்டியது. நம் கூலி அப்படி ஏறியதா என்று ஒவ்வொருவரும் தன் கையை நீட்டிப் பார்த்துக் கொள்ளட்டும். சேமிப்புக்காக வாங்குகிறவன் கல் இல்லாத தங்கத்தை வாங்கட்டும். கல்லும் செய்கூலியும் சேதாரமும் சேமிப்பு அல்ல. கடை வாசலைத் தாண்டிய அந்த நிமிஷமே போன பணம்.

ராசிக்கல் என்ற இரண்டாவது பறிப்பு

வைரம் வாங்க முடியாதவனுக்கு என்றே ராசிக்கல் வைத்திருக்கிறார்கள். மாணிக்கம், மரகதம், நீலம், புஷ்பராகம், கோமேதகம், வைடூரியம் என்று பட்டியல் நீளும். மாப்பிள்ளைக்கு இந்த ராசி, பெண்ணுக்கு அந்த ராசி, இந்தக் கல்லைப் போட்டால் குடும்பம் செழிக்கும், போடாவிட்டால் சனி பிடிக்கும்!

மாணிக்கம் என்பது என்ன? அலுமினியமும் பிராணவாயுவும் சேர்ந்த கல். துளி குரோமியம் கலந்ததால் சிவப்பு. பிரெஞ்சு ரசாயன அறிஞர் வெர்னாய் 1902-இலேயே நெருப்புச் சுடரில் பொடியை உருக்கிச் செயற்கை மாணிக்கம் செய்து காட்டிவிட்டார். நம் திருச்சியிலும் சுற்றுக் கிராமங்களிலும் எத்தனையோ குடும்பங்கள் செயற்கைக் கற்களைப் பட்டை தீட்டிப் பிழைத்தன. அந்தக் கல்லுக்கும் சுரங்கக் கல்லுக்கும் வித்தியாசம் நம் கண்ணுக்குத் தெரியாது. கிரகத்துக்கு மட்டும் தெரியுமோ?

கல் அதிர்ஷ்டம் தரும் என்றால் முதலில் யாருக்குத் தர வேண்டும்? காலை முதல் இரவு வரை கல்லைக் கையிலேயே வைத்திருக்கும் தொழிலாளிக்குத்தானே? அவன் கதியைப் பாருங்கள்.

கல்லைத் தீட்டியவன் கதி

வெம்பக்கோட்டையில் கிடைத்த காளை பொறித்த சூதுபவளத்தைச் சொன்னோம். அதே இனக் கல்லைக் காலம் காலமாக அறுத்துத் தீட்டும் ஊர் ஒன்று குஜராத்தில் இருக்கிறது, பெயர் காம்பாத். கல்லைச் சக்கரத்தில் பிடித்தால் வெண்மையான தூசி பறக்கும். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போய்ப் படியும். நுரையீரல் கல்லாக இறுகும். சிலிகோசிஸ் என்று அதற்குப் பெயர். வந்தால் போகாது, மருந்தும் கிடையாது. தீட்டுகிறவன் மட்டுமல்ல, பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களும் அந்தத் தூசியைச் சுவாசிக்கிறார்கள். மணி மாலையாகிப் பட்டணம் போகிறது. மனிதன் இருமி இருமிச் சாகிறான்.

சூரத்துக்கு வாருங்கள். உலகத்தில் பட்டை தீட்டப்படும் வைரங்களில் மிகப் பெரும் பகுதி அங்கேதான் தீட்டப்படுகிறது. 2023 டிசம்பரில் பிரதம மந்திரி அங்கே வைரச் சந்தை மாளிகை ஒன்றைத் திறந்து வைத்தார். அமெரிக்க ராணுவத் தலைமையகத்தைவிடப் பெரிய கட்டடம் என்று பெருமை பேசினார்கள். எட்டு மாதம் கழித்து, 2024 ஆகஸ்டில், அதே சூரத்தில் ஒரு பெரிய வைரக் கம்பெனி வியாபாரம் மந்தம் என்று சொல்லி ஐம்பதாயிரம் தொழிலாளரைப் பத்து நாள் வீட்டுக்கு அனுப்பியது. கூலி வெட்டு, வேலையிழப்பு, தற்கொலை என்று அந்த ஊரிலிருந்து செய்தி வந்துகொண்டே இருந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத இறக்குமதி வரி போட்டபோது, அடி மாளிகையின் மேல் விழவில்லை. பட்டறைத் தொழிலாளியின் அடுப்பில் விழுந்தது.

சர்க்காரின் நியாயத்தையும் பாருங்கள். பட்டை தீட்டாத வைரத்துக்கு ஜி.எஸ்.டி. கால் சதவீதம். பட்டை தீட்டியதற்கு ஒன்றரை சதவீதம். நம் பட்டாசுக்கு எவ்வளவு? தொடக்கத்தில் 28 சதவீதம். கூக்குரல் போட்ட பிறகு 18 சதவீதம். கோடீஸ்வரனின் கல்லுக்குக் கால், குழந்தை கொளுத்தும் மத்தாப்புக்குப் பதினெட்டு!

கல்யாணக் கடன்: பழைய விலங்கு, புதிய பூட்டு

இனி விஷயத்தின் உயிர்நாடிக்கு வருவோம்.

கல்யாணத்துக்குக் கடன் கொடுத்து ஆளைக் கட்டிப்போடுவது பயராபீஸ் முதலாளி கண்டுபிடித்த புதுத் தந்திரம் அல்ல. தஞ்சைச் சீமையில் மிராசுதார் செய்தது அதுதான். பண்ணையாள் கல்யாணத்துக்கு நெல்லும் பணமும் கொடுப்பார். அன்றோடு பண்ணையாளும் அவன் பெண்டாட்டியும் பிறக்கப் போகிற பிள்ளையும் பண்ணைக்குச் சொந்தம். வேறு பண்ணைக்குப் போனால் கட்டி இழுத்து வருவார்கள், சவுக்கடி, சாணிப்பால். பி. சீனிவாசராவ் போன்ற தோழர்கள் சேரி சேரியாக நடந்து சங்கம் வைத்தார்கள். செங்கொடி ஏறியது. போராட்டத்தின் வேகத்தில் 1952-ஆம் ஆண்டு பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. தயவில் பிறந்ததல்ல, தோழர்களே, அடிபட்டுப் பெற்றது!

அடுத்தது ஆலை. 2000-க்குப் பின் வந்த ஆண்டுகளில் கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடத்தின. பெயரைப் பாருங்கள், எவ்வளவு மங்களம்! ஏழைப் பெண்ணை மூன்று வருஷம் ஆலை விடுதியில் வைத்துக்கொள்வார்கள். அவள் கூலியில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, முடிவில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகத் தருவார்களாம், கல்யாணத்துக்கு, நகைக்கு. வெளியே போக முடியாது, சங்கத்தில் சேர முடியாது. உடம்பு முடியாமல் மூன்றாம் வருஷம் பாதியில் போனால் பணமும் கிடைக்காது. அவள் கழுத்தில் ஏறப்போகும் நகையைக் காட்டி அவள் கழுத்தையே நெரித்தார்கள்.

இப்போது பயராபீஸ் முன்பணம். பண்ணையில் நெல், ஆலையில் நகை, பயராபீசில் முன்பணம். வேஷம் மூன்று, ஆள் ஒருவன்.

ஆனால் பயராபீசில் இன்னொரு விபரீதம் உண்டு. இங்கே ஆபத்தைக் கண்டு எழுந்து போகும் உரிமைதான் உயிர். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகினார்கள். 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். 2024 பிப்ரவரி 17-ஆம் தேதி நமது வெம்பக்கோட்டை அருகே இராமுதேவன்பட்டியில் பத்துப் பேர். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ஒரே பாட்டு: அறையில் ஆள் அதிகம், உள்குத்தகை, மருந்துக் கலவையில் அவசரம். இவையெல்லாம் வேலை செய்கிறவனுக்கு முன்னமே தெரியாதா? தெரியும். முகர்ந்து பார்த்தே சொல்வான். தெரிந்தும் ஏன் உட்கார்ந்திருக்கிறான்? நோட்டில் அவன் கையெழுத்து இருக்கிறது!

"நாங்கள் முன்பணம் கொடுக்காவிட்டால் இவர்கள் வீட்டில் கல்யாணமே நடக்காது" என்கிறார்கள் முதலாளிகள். தர்மப் பிரபுக்கள்! அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? கொடுக்க வேண்டிய கூலியைக் கொடுத்திருந்தால் முன்பணம் எதற்கு? நம் கூலியில் நேற்றுப் பிடித்து வைத்ததை இன்று நமக்கே கடனாகத் தந்து, நாளைக்கு நம்மையே எடுத்துக்கொள்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: முன்பணத்துக்கு ஈடாக ஒருவன் வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தை இழந்தால் அது கொத்தடிமை முறை; அந்தக் கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பொறுப்பும் அவனுக்கு இல்லை. வாங்கிய ஒவ்வொரு முன்பணமும் கொத்தடிமை என்று நாம் சொல்லவில்லை. ஆனால், "பணத்தை வைத்துவிட்டுப் போ, இல்லாவிட்டால் அந்த அறையிலேயே உட்கார்" என்று எந்த நிமிஷம் சொல்கிறார்களோ, அந்த நிமிஷமே நோட்டு விலங்காகிவிடுகிறது. அந்த வார்த்தையைக் கேட்டவன் தலை குனிந்து உட்கார வேண்டாம். சங்கத்துக்கு வரட்டும், சங்கம் அவனோடு கலெக்டர் ஆபீஸ் படி ஏறும்.

நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலில், வாங்குகிறவர்களுக்கு.

கல் மோதிரத்துக்காக முன்பணம் வாங்காதீர்கள், வட்டிக்கும் வாங்காதீர்கள். கையில் இருப்பதற்குத் தக்கபடி மோதிரம் போடுங்கள். வெள்ளியாய் இருந்தால் என்ன? பூ வைத்தால் என்ன?

தங்கம் வாங்கினால் கேட்டு வாங்குங்கள். 916 என்றால் 22 காரட். 750 என்றால் 18 காரட். ஹால்மார்க் முத்திரையோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறி இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் இது கட்டாயம். ஆனால் இதிலும் ஏழைக்கு ஓர் ஓட்டை வைத்திருக்கிறார்கள்: 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு முத்திரை கட்டாயம் இல்லை. 2 கிராமுக்குள் வாங்குகிறவன் யார்? நாம்தானே! ஆகவே நாம்தான் அதிகம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

சிட்டையில் தங்கத்தின் நிகர எடை, கல்லின் எடை, கல்லின் விலை, செய்கூலி, சேதாரம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். கல்லையும் சேர்த்து நிறுத்துத் தங்க விலை போட்டால் அங்கேயே நின்று கேளுங்கள். "திரும்பக் கொண்டு வந்தால் கல்லுக்கு எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வாருங்கள்.

மாப்பிள்ளைக்கு மோதிரம், சங்கிலி என்று பெண் வீட்டில் கேட்பவன் நம் தோழனாக இருந்தாலும் அவன் வாயை அடையுங்கள். வரதட்சணை கேட்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம் என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பெண்ணைப் பெற்ற ஆலைத் தொழிலாளியைக் கடன்காரனாக்கிவிட்டு மே தின ஊர்வலத்தில் கொடி பிடிப்பது வெட்கக்கேடு!

அடுத்தது, சங்கத்தின் கோரிக்கைகள்.

முன்பணத்தைக் காட்டி வேலையை விட்டுப் போகும் உரிமையைத் தடுக்காதே! ஒவ்வொரு முன்பணத்துக்கும் தொழிலாளி கையிலும் ஒரு கணக்குச் சீட்டு கொடு! அறைக்கு நாலு பேருக்கு மேல் உட்கார வைக்காதே! உள்குத்தகையை ஒழி! கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் முதலாளியின் நோட்டை நம்பாமல் வாழக்கூடிய கூலியைக் கொடு!

நகையை மறுப்பதால் மட்டும் சுரண்டல் ஒழிந்துவிடாது என்பது நமக்குத் தெரியும். ஆனால் காலில் விலங்கோடு எவனும் போராட்டத்துக்கு நடந்து வர முடியாது. விலங்கைக் கழற்றுவது முதல் காரியம்.

அந்தப் பெண் சொன்னது

மோதிரத்தின் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். அடகுக்கடையிலிருந்து வந்த பையன் வெட்கத்தோடு பெண் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். நாமும் சங்கத் தோழர்கள் இருவரும் கூட இருந்தோம். அந்தப் பெண் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்திருந்தாள். தலையில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. விஷயம் முழுவதும் கேட்டாள். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு சொன்னாள்:

"அடகை மீட்டு வித்துருங்க. விழுகிற துட்டை முன்பணத்துல கட்டுங்க. மிச்சத்தை நான் என் சம்பளத்துல கொஞ்சம் கொஞ்சமாத் தாரேன். எனக்குக் கல்லு வேண்டாம். அவுக கையும் காலுமா வீட்டுக்கு வந்தாப் போதும்."

அப்படியே செய்தார்கள். நோட்டுக் கணக்கைப் பேசித் தீர்க்கச் சங்கம் கூடப் போனது. கணக்கப்பிள்ளை முதலில் துள்ளினார். 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரைக் கேட்டதும் அடங்கினார். மீதியைத் தவணையாகக் கட்ட ஒப்புக்கொண்டு பையனை விட்டார்கள். அவன் அந்த அறையில் இப்போது இல்லை.

மற்ற ஆறு பேர் இருக்கிறார்கள். அந்த அறை இதுவரை வெடிக்கவில்லை. வெடித்த பிறகுதான் எழுத வேண்டுமா? அந்த ஆறு பேரின் கையெழுத்தும் நோட்டில் இருக்கிறது. ஒருவருக்குக் காதுகுத்து, ஒருவருக்கு மகள் கல்யாணம், ஒருவருக்கு மோதிரம். அவர்களைத் தேடி இந்த வாரமே அவர்கள் வீட்டுக்குப் போகிறோம். இதைப் படிக்கிற தோழர்களே, நீங்களும் உங்கள் ஆபீசில், உங்கள் ஆலையில், உங்கள் காட்டில், நோட்டில் கையெழுத்துப் போட்டவன் யார் யார் என்று விசாரியுங்கள். பெயர்களை எழுதுங்கள். சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள்.

முன்பண விலங்கை உடைப்போம்!
உழைப்புக்கேற்ற கூலியைப் பெறுவோம்!